விளையாட்டு முடிந்தது, பாடம் தொடங்கவில்லை

கேள்வி:

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 45 பேர். பாடவேளை 40 நிமிடம். பிரெஞ்சுப் புரட்சியை இந்த முறை நடத்திக் காட்டலாம் என்று நினைத்து, 1789-இல் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரல் சபையை ரோல் பிளேயாகச் செய்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து வசனம் எழுதினேன். காகிதக் கிரீடம், தொப்பி எல்லாம் செய்தோம். நன்றாகப் பேசும் எட்டுப் பேர் நடித்தார்கள், மற்றவர்கள் பார்த்தார்கள். சிரிப்பும் கூச்சலுமாகப் போனது, பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. கடைசிக் காட்சி நடக்கும்போதே மணி அடித்துவிட்டது. மறுநாள் "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "ஜாலியா இருந்தது மிஸ்" என்றார்கள். தேர்வில் புரட்சிக்கான காரணங்களைக் கேட்டால் பழையபடி புத்தகத்து வரிகள்தான். இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துவிட்டது. பிரபுவாக நடித்தவன், விவசாயியாக நடித்த பையனை வசனத்தில் ஒரு சொல் சொல்லித் திட்டுவான். அந்தச் சொல்லையே மற்றவர்கள் அவனுக்குப் பட்டப்பெயராக்கிவிட்டார்கள். அவன் இப்போது வகுப்பில் வாயே திறப்பதில்லை. தலைமை ஆசிரியர் "இதெல்லாம் வேண்டாம், பாடத்தை முடியுங்கள்" என்கிறார். இந்த முறையை விட்டுவிடட்டுமா? மறுபடி செய்வதாக இருந்தால் அந்தப் பையனுக்கு எந்தப் பாத்திரம் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம். அதற்கு அடுத்த ரோல் பிளே வரை காத்திருக்க முடியாது.

அந்தச் சொல் உங்கள் வசனத்தில் இருந்தது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களிடம்தான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் அவனைத் தனியாகப் பாருங்கள். "அந்த வார்த்தையை எழுதியது நான், அது உன்மேல் ஒட்டிக்கொண்டதற்கு நான்தான் பொறுப்பு" என்று நேராகச் சொல்லுங்கள். இதைப் பற்றி வகுப்பில் பேசலாமா என்று அவனிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அவன் பெயரையும் அந்தச் சொல்லையும் எடுக்காமல், நடிப்பில் வந்த எந்தச் சொல்லும் இனி இந்த அறையில் யாருக்கும் பெயராகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள். பிரபுவாக நடித்தவனிடமும் தனியாகப் பேசுங்கள், தண்டிக்கும் குரலில் வேண்டாம். அவன் உங்கள் வசனத்தைத்தான் ஒப்பித்தான். பெரும்பாலும் அவனுக்கும் இதில் ஒரு குற்ற உணர்வு இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரம் காதைத் திறந்து வைத்திருங்கள். ஒரு முறை சொன்னதும் பட்டப்பெயர் போய்விடாது.

இது ஏன் நடந்தது? அந்தப் பிள்ளைகள் பாத்திரத்திலிருந்து இறங்கவே இல்லை. மணி அடித்தது, அப்படியே வெளியே போய்விட்டார்கள். நாடகப் பயிற்சி தருபவர்களிடம் இதற்கு ஒரு எளிய வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் சட்டையில் குத்திய பெயர்ச்சீட்டைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, அந்தப் பாத்திரத்துக்கும் தனக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். "என் பெயர் இது. அந்தப் பிரபு வரி கட்ட மறுத்தான், நானாக இருந்தால் கட்டியிருப்பேன்." பெரிய வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் போதும், இரண்டு நிமிட வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் செய்யுங்கள்.

இன்னொன்று, வசைச்சொல் எந்தப் பாத்திரத்துக்கும் வேண்டாம். பிரெஞ்சு மக்களில் 100-க்கு 97 பேருக்கும் மேல் மூன்றாம் எஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள், அதாவது மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத மற்ற எல்லோரும். அவர்களை நசுக்கியது வரியும் ஓட்டு முறையும். வசையைக் கேட்ட பிள்ளைகள், ஒரு கெட்ட பிரபு ஒரு நல்ல விவசாயியைத் திட்டியதால் புரட்சி வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். வரலாறும் தவறாகப் போகிறது, பையனும் புண்படுகிறான்.

இந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில், ஜேன் எலியட் என்ற ஆசிரியை, நிறவேற்றுமை எப்படி இருக்கும் என்று உணர்த்த, தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறத்தார் உயர்ந்தவர்கள், இன்னொரு நிறத்தார் தாழ்ந்தவர்கள் என்று அறிவித்தார். சில மணி நேரத்திலேயே, நேற்றுவரை கூட விளையாடிய நண்பர்களைப் பிள்ளைகள் ஏளனம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வகுப்பு நாளில் எலியட் நிலைமையைத் தலைகீழாக்கினார். பிறகு அந்த அனுபவத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசினார், எழுதவும் வைத்தார். அது துணிச்சலான பாடமா, குழந்தைகளுக்குச் செய்த கெடுதலா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: பாத்திரம் என்பது பிள்ளைகளுக்குள் நாம் நினைப்பதைவிட வேகமாக இறங்குகிறது. எலியட்டுக்குப் பேசுவதற்கு நாட்கள் இருந்தன. நமக்கு 40 நிமிடம்தான். ஆகவே அடிமை முறை, இனப்படுகொலை, சாதி, மத வன்முறை ஆகியவற்றில் யாரையும் கொடுமை செய்பவராகவோ கொடுமைக்கு ஆளானவராகவோ நடிக்க வைக்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தப் பாடங்களுக்குச் சாட்சியங்களை வாசிப்பது, கடிதம் எழுதுவது, 'ஒரு சட்டமன்ற உறுப்பினராக நீ எந்தச் சட்டத்தை ஆதரிப்பாய்?' என்று முடிவெடுக்க வைப்பது என்று வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

சரி, இனி உங்கள் பாடம்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, "கடைசிக் காட்சி நடக்கும்போதே மணி அடித்துவிட்டது" என்பது. சத்தமோ, கிரீடமோ, எட்டுப் பேர் மட்டும் நடித்ததோ இரண்டாம்பட்சம். அந்த 40 நிமிடத்தில் ஆட்டத்தைப் பற்றி வகுப்பு ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. உங்கள் பிள்ளைகள் ஒரு அனுபவத்தோடு வீட்டுக்குப் போனார்கள், அதற்கு அர்த்தம் கொடுக்கும் வேலை நடக்கவே இல்லை. 'ஜாலியா இருந்தது' என்பது அவர்களிடம் இருந்த ஒரே நேர்மையான பதில்.

ஆட்டத்துக்குப் பிறகு நடக்கும் பேச்சை ஆங்கிலத்தில் டிபிரீஃபிங் என்பார்கள். நான் அலசல் என்று சொல்லிப் பழகிவிட்டேன். விமானிகள் சிமுலேட்டரை (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) விட்டு இறங்கியதும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, எந்த நொடியில் எதைப் பார்த்தோம், எதைத் தவறவிட்டோம் என்று பேசுகிறார்கள். மருத்துவ மாணவர்களுக்கு, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்துக் கற்பிக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கினார். இன்று மருத்துவ சிமுலேஷன், அதாவது உண்மை நிலைமையைப் போலவே செய்து பழகும் பயிற்சி, நடக்கும் இடங்களில், ஆட்டத்துக்கு எடுத்த நேரத்துக்குக் குறையாமல் அலசலுக்கும் ஒதுக்கச் சொல்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட தொழில்களில் இருப்பவர்கள் இந்த நேரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. வகுப்பறையில் மட்டும் இதுதான் முதலில் வெட்டுப்படுகிறது.

அலசல் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, மேலாண்மைக் கல்லூரிகளில் ஆடப்படும் பியர் கேம். 1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவானது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர் ஒரு சங்கிலி. ஒவ்வொருவரும் வாராவாரம் தனக்கு மேலே இருப்பவரிடம் சரக்கு கேட்க வேண்டும். கேட்ட சரக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சில வாரத்திலேயே சரக்கு இல்லாமல் தவிப்பார்கள், பிறகு சரக்கு மலைபோல் குவிந்துவிடும், பெருநஷ்டம். ஆட்டம் முடிந்ததும் நடத்துபவர் ஒன்று கேட்பார்: "வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு வாங்கினார் என்று நினைக்கிறீர்கள்? வரைந்து காட்டுங்கள்." பெரும்பாலானவர்கள் அலையலையாக ஏறி இறங்கும் ஒரு கோட்டை வரைவார்கள். பிறகு அவர் உண்மையைக் காட்டுவார். முதல் சில வாரம் 4 பெட்டி, அதற்குப் பிறகு கடைசிவரை 8 பெட்டி. ஒரே ஒரு படி, அவ்வளவுதான். அந்த அலைகள் முழுவதும் அவர்களே உண்டாக்கியவை. யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை, அமைப்பே அப்படி. அந்தக் கணத்தில் அறையில் விழும் அமைதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாடம் அங்கேதான் நடக்கிறது. மணி அடித்துவிட்டது என்று அந்த வரைபடத்தைக் காட்டாமல் அனுப்பியிருந்தால், எல்லோரும் வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

இதை நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆசிரியரான புதிதில் ஒரு சந்தை விளையாட்டு நடத்தினேன். வாங்குபவர், விற்பவர், பேரம் என்று பிள்ளைகள் அப்படி ஈடுபட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை, அலசலை மறுநாளைக்குத் தள்ளினேன். மறுநாள் வேறு வேலை வந்தது. பத்து நாள் கழித்து ஒரு மாணவன் வந்து, "சார், அன்னைக்குக் கடைசியில யார் ஜெயிச்சாங்க?" என்று கேட்டான். விலை எப்படி உருவாகிறது என்பதைக் காட்ட நான் நடத்திய ஆட்டம், அவன் மனதில் முடிவு தெரியாத ஒரு போட்டியாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, அலசலுக்கு நேரம் இல்லாத நாளில் நான் ஆட்டத்தைத் தொடங்குவதே இல்லை.

ஆகவே உங்கள் 40 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். விதிகளைச் சொல்ல 5, ஆட 15, அலச 15, எழுத 5. பதினைந்து நிமிடத்தில் என்ன ஆட முடியும் என்று தோன்றும். வசனத்தையும் கிரீடத்தையும் எடுத்துவிட்டால் நிறையவே முடியும்.

வசனம் எழுதிக் கொடுத்தால் அது நாடகம். முடிவு முன்கூட்டியே தெரியும், பிள்ளைகளின் மூளை வேலை செய்வது மனப்பாடத்தில். சிமுலேஷனில் பிள்ளை ஒரு முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவால் ஏதாவது மாற வேண்டும். அதற்கு வசனம் தேவையில்லை, நல்ல ஒரு விதி போதும். எஸ்டேட்ஸ் ஜெனரலில் அந்த விதி தயாராகவே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம்.

1614-க்குப் பிறகு கூட்டப்படாத அந்தச் சபை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. மதகுருமார் சுமார் 300 பேர், பிரபுக்கள் சுமார் 300 பேர், மூன்றாம் எஸ்டேட் சுமார் 600 பேர். ஆனால் பழைய வழக்கப்படி ஒரு எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. 600 பேர் இருந்தும் ஓட்டு ஒன்றுதான். தலைக்கு ஒரு ஓட்டு வேண்டும் என்பதுதான் சண்டை. அதில்தான் சபை ஆறு வாரம் நகராமல் நின்றது.

உங்கள் வகுப்பில் 45 பேர். ஒருவர் சபைத் தலைவர், அவருக்கு ஓட்டு இல்லை. மீதி 44 பேரில் 11 பேர் மதகுருமார், 11 பேர் பிரபுக்கள், 22 பேர் மூன்றாம் எஸ்டேட். கிட்டத்தட்ட வரலாற்று விகிதமே வந்துவிடுகிறது. தீர்மானம் ஒன்றுதான்: 'இனி எல்லோரும் சமமாக வரி கட்ட வேண்டும்.' முதல் சுற்றில் எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கும். இரண்டாம் சுற்றில் அதே ஆட்கள், அதே தீர்மானம், தலைக்கு ஒரு ஓட்டு. இப்போது 22-க்கு 22. ஒரே ஒரு ஆள் இடம் மாறினால் போதும். வகுப்பு முழுக்க எழுந்து நின்று கணக்குப் போடத் தொடங்கும்.

இதற்குள் ஒரு சீட்டையும் ஒளித்து வையுங்கள். 11 மதகுருமாரில் 7 பேருக்கு இப்படி ஒரு சீட்டு: 'நீ கிராமத்துத் தேவாலயத்தின் பங்குக் குரு. உன் வருமானம் குறைவு. உன் பங்கு மக்கள் பசியில் இருக்கிறார்கள். பிஷப் உனக்கு மேலதிகாரி.' மற்ற நான்கு பேருக்கு: 'நீ பிரபு குடும்பத்தில் பிறந்த பிஷப்.' உண்மையான சபையிலும் முதல் எஸ்டேட்டின் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட பங்குக் குருக்கள்தான். ஜூன் 13 அன்று முதலில் மூன்று பேர் மூன்றாம் எஸ்டேட்டோடு வந்து சேர்ந்தார்கள். ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது. ஜூன் 19 அன்று மதகுருமார் அதோடு சேரக் குறுகிய வித்தியாசத்தில் முடிவெடுத்தார்கள். மறுநாள் மண்டபம் பூட்டியிருந்ததால் தேசிய சபையினர் டென்னிஸ் மைதானத்தில் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். இந்தத் தேதிகளை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லாதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு 'பங்குக் குரு' தயங்கித் தயங்கி எழுந்து அந்தப் பக்கம் போய் நின்ற பிறகு சொல்லிப் பாருங்கள். அந்த மூன்று பேரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் அலசல். "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதில் எது என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நடந்த ஒரு கணத்தைப் பிடித்துக் கேளுங்கள். "இரண்டாம் சுற்றில் நீ ஏன் எழுந்து போனாய்?" "நீ ஏன் போகவில்லை? சீட்டில் என்ன இருந்தது?" முதல் மூன்று நான்கு நிமிடம் பாத்திரமாகவே பேசட்டும், கோபமோ சிரிப்போ வெளியே வரட்டும். பிறகு பெயர்ச்சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது மாணவர்களாகப் பேச வேண்டும். "ஆட்களும் மாறவில்லை, தீர்மானமும் மாறவில்லை. முடிவு எப்படி மாறியது?" இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி அமைதி ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போல இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போவது, எனக்கு அதுதான் முக்கியம்: "நம் ஆட்டம் எங்கே பொய் சொல்கிறது?" எந்த சிமுலேஷனும் உண்மையைச் சுருக்கியே காட்டும். இந்த ஆட்டத்தில் பிரபுக்கள் எல்லோரும் வரிச் சமத்துவத்துக்கு எதிரிகள் போலத் தெரிவார்கள். உண்மையில், சபைக்கு முன்னால் எழுதப்பட்ட பிரபுக்களின் மனுக்களிலேயே பல, வரி கட்டுவதை ஏற்றுக்கொண்டன. அவர்கள் விடாப்பிடியாக நின்றது ஓட்டு முறையிலும் தனிச்சலுகைகளிலும்தான். 1788-இன் மோசமான விளைச்சலும் ரொட்டியின் விலையும் நம் ஆட்டத்தில் எங்கும் வரவில்லை. சபையில் பெண்கள் யாரும் இல்லை, நம் வகுப்பில் மாணவிகளும் பிரதிநிதிகளாக உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்துவிட்டால், ஆட்டத்தையும் வரலாற்றையும் அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், ஆட்டத்தில் பார்த்ததே வரலாறு என்று நம்பிவிடுவார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் எழுத்து. 'ஓட்டு முறை ஏன் புரட்சியின் காரணங்களில் ஒன்றாகிறது? நம் இரண்டு சுற்றுகளையும் சான்றாக வைத்து எழுதுக.' மதிப்பெண் இந்த எழுத்துக்குத்தான், நடிப்புக்கு வேண்டாம். நடிப்புக்கு மதிப்பெண் என்றால் கூச்சமுள்ள பிள்ளை இரண்டு முறை தோற்கிறது. தேர்வுத் தாளில் பழைய வரிகளே வந்ததற்கும் இதுதான் பதில். ஆட்டத்திலிருந்து விடைத்தாளுக்குப் போகும் பாதையை நாம்தான் ஒருமுறை கைப்பிடித்து நடத்திக் காட்ட வேண்டும், அது தானாக வராது.

எட்டுப் பேர் நடிக்க 37 பேர் வேடிக்கை பார்த்ததைப் பற்றி. வேடிக்கை பார்ப்பவர்கள்தான் சத்தத்துக்கு முக்கியக் காரணம், அவர்களுக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து பகையோடு இருந்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஜிக்சா முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒருவருக்கு ஒரு துண்டு. மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. நன்றாகப் பேசுபவன், பேசாதவனுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். நம் சீட்டுகளிலும் இதையே செய்யலாம். மூன்றாம் எஸ்டேட்டின் 22 பேரில் வழக்கறிஞருக்கு ஓட்டு விதி தெரியும், வணிகருக்கு அரசின் கடன் எவ்வளவு மோசம் என்று தெரியும், இன்னொருவருக்குக் கிராமத்து ரொட்டி விலை தெரியும். எல்லோர் கையிலும் அடுத்தவருக்குத் தேவைப்படும் ஒன்று இருக்கட்டும்.

சத்தம் முழுக்கப் போகாது, போகவும் வேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் கை தூக்கினால் எல்லோரும் உறைந்து நிற்க வேண்டும் என்ற ஒரே விதியை, ஆட்டத்துக்கு முன்னால் மூன்று முறை பழக்குங்கள்.

எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு உடனே போக வேண்டாம் என்று தோன்றினால், முதலில் ஒரு சின்ன ஆட்டம் செய்து பாருங்கள். வளங்களைப் பற்றிய பாடத்துக்குப் பொருந்தும், யார் மனமும் புண்படாது. நான்கு பேர் ஒரு குழு, நடுவில் 16 காகித வில்லைகள், அவைதான் ஏரியின் மீன்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் 0 முதல் 4 வரை எத்தனை எடுக்கப் போகிறார் என்று ரகசியமாக எழுதி, எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஏரியில் மிஞ்சியது அடுத்த சுற்றுக்கு இரட்டிப்பாகும், ஆனால் 16-ஐத் தாண்டாது. ஆளுக்கு 2 எடுத்தால் மிஞ்சுவது 8, மறுபடி 16. எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடும். ஆளுக்கு 4 எடுத்தால் முதல் சுற்றோடு ஏரி காலி. எத்தனை சுற்று என்பதைச் சொல்லாதீர்கள். முதல் ஆட்டம் பேசாமல், இரண்டாம் ஆட்டம் பேசிக்கொண்டு. ஐந்து பேர் குழு வந்தால் 20 வில்லை வைத்து, மேல்வரம்பையும் 20 ஆக்குங்கள்.

பொதுவில் இருப்பது அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். மக்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்டு பொது நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் தலைமுறைகளாகக் காத்த இடங்களை எலினோர் ஆஸ்ட்ரம் ஆராய்ந்து காட்டினார். பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 2009. பேசாத ஆட்டத்துக்கும் பேசிய ஆட்டத்துக்கும் நடுவில் உங்கள் பிள்ளைகள் பார்க்கும் வித்தியாசம் இந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் வாதம்தான். பெயர்களைக் கடைசியில் சொல்லுங்கள்.

விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னும் ஒன்று, பொருளியல் பாடத்துக்கு உதவும். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களையே வாங்குபவர், விற்பவர் ஆக்கிச் சந்தை ஆட்டம் நடத்தி, புத்தகம் சொல்லும் விலை (வாங்க விரும்பும் அளவும் விற்க விரும்பும் அளவும் சமமாகும் விலை) வகுப்பில் வருவதில்லை என்று 1948-இல் எழுதினார். அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித் 1956-இல் அதே ஆட்டத்தைத் தன் வகுப்பில் இரண்டு விதிகளை மாற்றி நடத்தினார். விலையை எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டும், பல சுற்று ஆட வேண்டும். விலை புத்தகம் சொன்ன இடத்துக்கு நெருங்கி வந்தது. வகுப்பறையில் தொடங்கிய அந்த வேலை 2002-இல் அவருக்கு நோபல் வரை போனது.

தலைமை ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேதிகளையும் வரையறைகளையும் சொல்லித்தர ரோல் பிளே நல்ல வழி இல்லை, நேராகச் சொல்லிவிடுவது வேகம். மனிதர்கள் முடிவெடுக்கத் திணறிய இடம் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், அலசல் தொடங்கும்போது கூப்பிடுங்கள். பிள்ளைகள் பேசுவதை அந்த 15 நிமிடம் அவர் கேட்கட்டும். பிறகு முன்னால் எழுதிய விடைகளையும் இப்போது எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீங்கள் தனியாக வாதாட வேண்டியிருக்காது.

கடைசியாக, அந்தப் பையனுக்கு எந்தப் பாத்திரம் என்று கேட்டீர்கள். அவனை அரசனாக்கிச் சரிக்கட்ட வேண்டாம். எல்லோரும் பார்க்க நிற்பதுதான் இப்போது அவனுக்குக் கஷ்டம். அவனிடமே கேளுங்கள். நடிக்க விருப்பமில்லை என்றால் பார்வையாளர் பொறுப்பு உண்டு, அது இரண்டாம்தர வேலை அல்ல. மூன்றாம் எஸ்டேட்டிலிருந்து இன்னும் இரண்டு பேரை அதில் சேர்த்துவிடுங்கள், அவன் தனியாகத் தெரிய மாட்டான். மூன்றாம் எஸ்டேட் 19 பேராகக் குறையும்போது பிரபுக்களிலிருந்தும் மூன்று பேரைச் சபைத் தலைவரின் உதவியாளர்களாக மாற்றிவிட்டால் கணக்கு 19-க்கு 19 என்று சமமாகவே இருக்கும். பார்வையாளர் கையில் ஒரு நோட்டு. யார் முதலில் இடம் மாறினார், யார் பேச்சைக் கேட்டு மாறினார், யார் பேச வந்து பேசாமல் உட்கார்ந்தார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஆடுபவர்கள் யாருக்கும் முழு ஆட்டமும் தெரியாது, இவர்களுக்கு மட்டுமே தெரியும். அலசல் தொடங்கும்போது நீங்கள் கரும்பலகைப் பக்கம் போகாமல் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். முதல் கேள்வியைப் பார்வையாளர்களிடம் கேளுங்கள்: "முதலில் எழுந்து போனது யார்?" அவன் பேசாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் சொல்லட்டும். நோட்டு அவன் கையில் இருக்கிறது, யாராவது தப்பாகச் சொன்னால் திருத்த அவன் வாய் திறக்க வேண்டியிருக்கும்.